கைக்கு எட்டும் நீளம்

எங்கள் அவலூர்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது பேஸ் கிட்டார் கேட்கிறார்கள். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்க ஒரு பையன் கேட்கிறான். திருவண்ணாமலைக்குக் கல்லூரி போய்வருகிற பெண்ணொருத்தி கேட்கிறாள். இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவரின் மகன் கேட்கிறான். கோயில் திருவிழா மேடைகளில் பேஸ் வாசித்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் என்று ஊருக்கு என்னைத் தெரியும் என்பதால், பெற்றவர்கள் தேடி வருகிறார்கள். மல்லாட்டை மூட்டையைக் கமிட்டியில் போட்டு வந்த காசாக இருக்கும்; மகளிர் குழுவில் எடுத்ததாக இருக்கும். ஒரு தொகையைச் சொல்லி, "இதுக்குள்ள உருப்படியா ஒண்ணு சொல்லுங்கண்ணா" என்பார்கள்.

பெரும்பாலும் நான் சொல்வது ஒன்றுதான். ஷார்ட் ஸ்கேல் பேஸ் பாருங்கள்.

ஸ்கேல் என்பது கம்பி அதிர்கிற நீளம். கழுத்தின் நுனியில் கம்பி படிந்திருக்கிற நட்டிலிருந்து, உடம்பில் இருக்கிற பிரிட்ஜ் வரைக்கும் உள்ள தூரம். கடைகளில் தொங்குகிற வழக்கமான பேஸ்களில் அது 34 அங்குலம். ஷார்ட் ஸ்கேலில் ஏறக்குறைய 30 அங்குலம். நாலு அங்குலம்தான் வித்தியாசம்.

அந்த நாலு அங்குலத்தைச் சொன்னதும் வந்தவர் முகம் மாறிவிடும். "அது சின்னப் பசங்க வாசிக்கிறது இல்லீங்களா?" என்பார். "வாங்குறதுதான் வாங்குறோம், பெருசாவே வாங்கிட்டா?" என்பார். பணம் குறைவு என்பதைக் கூச்சமில்லாமல் சொன்ன மனிதர், கருவி குட்டையாக இருக்கும் என்றதும் கூசிப்போகிறார். இதை வீடு கட்டுவதில் பார்த்திருக்கிறேன், கல்யாணச் செலவில் பார்த்திருக்கிறேன், பைக் வாங்குவதில் தினமும் பார்க்கிறேன். கையில் இருப்பது இவ்வளவுதான் என்று ஒத்துக்கொள்வது ஒரு துணிச்சல். நம் கை இவ்வளவுதான் என்று ஒத்துக்கொள்வது அதைவிடப் பெரிய துணிச்சல். பலருக்கு முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை.

34 அங்குலம் என்ன வேதவாக்கா? அதன் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தக் கூச்சம் போகும்.

பேஸ் கிட்டாருக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பெரிய மரக் கருவி. பழைய படப் பாட்டுப் பதிவுகளின் புகைப்படங்களில் மூலையில் ஒருவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். அதில் கம்பியின் நீளம் ஏறக்குறைய 41, 42 அங்குலம். அதுவும் முழு அளவு கிடையாது, முக்கால் அளவு. உலகத்தின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இந்த முக்கால் அளவு டபுள் பேஸ்தான். முழு அளவு அபூர்வம். அங்கே யாரும் முக்கால் என்று முகம் சுளிப்பதில்லை.

1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் கிட்டார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளும் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவர் எடுத்த நீளம் 34 அங்குலம். டபுள் பேஸ்காரருக்கு அது சின்னது, கிட்டார்காரருக்குப் பெரியது. அடுத்த இரண்டு வருஷத்தில், 1953-ல், கிப்ஸன் கம்பெனி முப்பதரை அங்குலத்தில் ஒரு பேஸ் போட்டது. 1956-ல் ஜெர்மனியில் ஹோஃப்னர் கம்பெனி வயலின் உருவத்தில் ஒரு பேஸ் செய்தது, 30 அங்குலத்தை ஒட்டி. ஆக, நீளமானதும் குட்டையானதும் ஒரே காலத்தில் பிறந்தவை. ஒன்று மூத்தது, மற்றது அதன் குழந்தை என்கிற உறவே இல்லை. ஃபெண்டர் கம்பெனியே 1966-ல் மஸ்டாங் என்ற பெயரில் 30 அங்குல பேஸைக் கொண்டுவந்தது.

அந்த ஹோஃப்னரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஏனென்றால் குறைந்த காசில் ஷார்ட் ஸ்கேல் வாங்கியவர்களில் உலகத்துக்கே தெரிந்தவர் பால் மெக்கார்ட்னி. 1961-ல் பீட்டில்ஸ் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கிளப்புகளில் இரவிரவாக வாசித்துக்கொண்டிருந்தது. குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்கப் போகிறேன் என்று விலகிவிட்டார். அந்த இடம் மெக்கார்ட்னிக்கு வந்தது. ஃபெண்டர் பேஸ் என்றால் 100 பவுண்டு வரும். அவரால் முடிந்தது 30 பவுண்டு அளவுக்குத்தான். கடன் வாங்காதே, நாம் வசதியானவர்கள் இல்லை என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்ததைப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கூட இருந்த நண்பர்கள் தவணையில் அழகான கிட்டார்கள் எடுத்தபோதும் அவர் கையை மீறிப் போகவில்லை. வயலின் உருவ ஹோஃப்னரை வாங்கினார். இடக்கைக்காரர் என்பதால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற அந்த உருவம் தலைகீழாகப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

விலையும் தோற்றமும் பார்த்து வாங்கினார், உண்மைதான். ஆனால் உள்கூடு கொண்ட அந்த உடம்பு எடையே இல்லாமல் இருந்தது. கழுத்து குட்டை. விரல் தடையில்லாமல் ஓடியது. பேஸ் என்றால் அடிச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருப்பது என்றிருந்த காலத்தில், அவர் பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டையே ஓடவிட்டார். குட்டைக் கழுத்து மட்டும்தான் அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், அவர் மெக்கார்ட்னி. ஆனால் கையோடு சண்டை போடாத கருவி கிடைத்தவனுக்கு மனசு பாட்டில் நிற்கும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து அந்த பேஸ் திருடு போனது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் கழித்து ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது தெரியவந்து, அவரிடம் திரும்பி வந்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. அந்த வருஷ டிசம்பரில் லண்டன் மேடையில் அதை வாசித்தார். அதற்குள் எந்த விலையிலும் எந்த பேஸையும் வாங்கக்கூடிய நிலைக்கு எப்போதோ வந்துவிட்டவர். இன்றைக்கும் மேடைக்கு அவர் எடுத்து வருவது 1963-ல் கிடைத்த இன்னொரு ஹோஃப்னரைத்தான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் தன் கை சின்னது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, ஷார்ட் ஸ்கேல் பேஸ்களையே தேடி எடுத்தார். சரி, சின்னக் கைக்குச் சின்னக் கருவி, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அதற்காகத்தான் ஸ்டான்லி கிளார்க்கையும் சேர்த்துச் சொல்வேன். அவர் நெடிய ஆள், விரல்களும் நீளம். டபுள் பேஸில் தேர்ந்தவர். அவர் விரும்பி எடுத்தது அலெம்பிக் என்ற கம்பெனி கையால் செய்த, 31 அங்குலத்துக்கும் குறைவான பேஸ். அதன் விலைக்கு எங்கள் பக்கம் நிலம் வாங்கலாம். காசும் இருக்கிறது, கையும் பெரிது. ஆனாலும் அவர் மனதில் கேட்ட வேகத்துக்கும் சத்தத்துக்கும் அந்த நீளம்தான் பொருந்தியது. இந்தப் பக்கம் பார்த்தால், மும்பையின் மோகினி டே போன்றவர்கள் முழு நீளப் பேஸிலேயே மின்னல் மாதிரி வாசிக்கிறார்கள். எந்தக் கையும் எந்த நீளத்தையும் பழகிக்கொள்ளும். கேள்வி அதுவல்ல. புதிதாகத் தொடங்குகிற உனக்கு, உன் காசுக்கு, உன் வாசிப்புக்கு எது ஒத்துவருகிறது என்பதுதான் கேள்வி.

நீளம் குறைந்தால் சுருதி ஏறிவிடாதா என்று கூத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் தெருக்கூத்து மண். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற வழியெல்லாம் கூத்து ஜமாக்கள் உண்டு. அங்கே ஒலிக்கிற முகவீணை நாயனத்தைவிடக் குட்டை; அதனால் சுருதி உயரம். நாயனத்திலும் திமிரி குட்டை, பாரி நீளம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை பாரி நாயனத்தைப் பரவலாக்கியபோது சுருதி இறங்கியது, கார்வை கூடியது. குழலில் காற்றின் நீளம்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது. கம்பியில் அப்படி இல்லை. நீளம், இழுவை, கம்பியின் கனம் என்று மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். நீளத்தைக் குறைத்தால் இழுவையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். சுருதி அதே இடத்தில் நிற்கும். 34 அங்குலத்திலும் 30 அங்குலத்திலும் தடித்த ஈ கம்பி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிர்கிறது. பேஸ் பேஸாகவே இருக்கும். அதே தடிமன் கம்பியைப் போட்டால் 30 அங்குலத்தில் இழுவை 22 சதவீதம் குறைகிறது. விரல் அழுத்த வேண்டிய பாரமும் இறங்குகிறது.

இடதுகைக்கு என்ன மிச்சம் என்பதையும் சொல்கிறேன். ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடு. ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று வைத்து, முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை விரல்களை விரித்தால், நீளமான பேஸில் அந்தத் தூரம் 130 மில்லிமீட்டர். ஷார்ட் ஸ்கேலில் 114. பதினைந்து, பதினாறு மில்லிமீட்டர் என்பது ஒரு சுண்டுவிரலின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. காகிதத்தில் இது ஒன்றுமில்லை.

என் தம்பி பேத்தியைப் புதுச்சேரியில் ஒரு கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறவள். முதலில் நீளமான பேஸைத்தான் கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்தாள். ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் ஊன்றினாள். மோதிர விரல் வரைக்கும் எப்படியோ போனது. சுண்டுவிரல் நாலாவது ஃப்ரெட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அதை எட்ட வைக்க மணிக்கட்டை வெளிப்பக்கம் வளைத்தாள், தோளைத் தூக்கினாள், கழுத்தைச் சாய்த்தாள். விரல் எட்டியது, ஆனால் ஆள்காட்டி விரல் தன் இடத்திலிருந்து நழுவி, சுரம் செத்துப் போய் டொக்கென்று விழுந்தது. மறுபடி அதே. அவள் முகத்தில் வியர்வை. கடைக்காரத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து 30 அங்குலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இந்தமுறை மணிக்கட்டு நேராக இருந்தது. நாலு விரலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. நாலு சுரம் வரிசையாக வந்தது. இறங்கும்போதும் வந்தது. உடனே அவள் என்னைப் பார்த்துக் கேட்டது சத்தத்தைப் பற்றி இல்லை. "இதை வெச்சு வாசிச்சா கேலி பண்ணுவாங்களா தாத்தா?"

பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம்மிடமிருந்துதான் வந்தது. அண்ணன் படிச்சதைப் படி, பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கின மார்க்கை வாங்கு, இத்தனை பவுன் போட்டார்கள், இத்தனை மாடி எழுப்பினார்கள் என்று அடுத்தவர் முழத்தால் அளந்து அளந்தே வளர்க்கிறோம். தன் கையை வைத்து அளக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் அவளிடம் சொன்னேன்: "மேடைக்குக் கீழ இருக்கிறவனுக்கு உன் பேஸோட நீளம் தெரியாதும்மா. தாளம் தவறினா மட்டும்தான் தெரியும்." அவள் மறுபடி வாசித்துப் பார்த்தாள்.

என் காலத்தில் இந்தத் தேர்வு எங்களுக்கு இல்லை. குழுவுக்கு ஒரே பேஸ் இருக்கும். அது குழு உரிமையாளருடையது. கனமான மரம், தடித்த கழுத்து, கம்பியோ விரலுக்கு எட்டாத உயரத்தில். விடிய விடியக் கச்சேரி. சிரமத்தை ஒரு தகுதி என்று நினைத்துக்கொண்டோம். விரல் வீங்கினால்தான் வாசிப்பு வரும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். என்னோடு வாசித்த சிலர் மணிக்கட்டு வலியாலேயே பேஸை விட்டார்கள். நல்ல காது உள்ளவர்கள். கஷ்டப்பட்டுக் கற்பது வேறு, கஷ்டப்படுத்துகிற கருவியில் கற்பது வேறு. முதலாவது மனிதனை வளர்க்கும். இரண்டாவது நல்லவனையும் துரத்திவிடும். பிற்பாடு கீபோர்டு வந்தது. இடதுகையாலேயே அதில் பேஸையும் வாசித்துவிடலாம், ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்று குழுக்கள் கணக்குப் போட்டன. ஊர்ப்பக்க மேடைகளிலிருந்து பேஸ் கிட்டார் அனேகமாக மறைந்தே போனது. இப்போது பிள்ளைகள் மறுபடி கேட்கிறார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. அதனால்தான் முதல் கருவியே அவர்களை விரட்டிவிடக்கூடாது என்று இத்தனை பதைக்கிறேன்.

குட்டைக் கழுத்தில் இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஈ கம்பி கொஞ்சம் தளர்ந்து கொழகொழவென்று பேசும். நீளமான கம்பியில் வருகிற அந்தக் கணீர், அழுத்தமான வெட்டு, இதில் அவ்வளவு வராது. பதிலுக்கு ஒரு உருண்டையான, மெத்தென்ற ஒலி கிடைக்கும். பாட்டுக்குக் கீழே விரிப்பு மாதிரிப் படுத்துக்கொள்ளும். கீர்த்தனைக்கும் மெல்லிசைக்கும் இது போதும், பல சமயம் இதுதான் வேண்டும். ஈ கம்பியின் தளர்ச்சியை ஒரு சுற்றுத் தடித்த கம்பி போட்டுச் சரிசெய்யலாம். 105 என்று போட்டிருக்கிற ஈ கம்பி உள்ள செட் கேளுங்கள். தட்டையாக இழைத்த ஃப்ளாட்வவுண்டு கம்பி போட்டால் இன்னும் கட்டுப்படும். விலை கூடுதல்தான், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். கட்டைவிரலால் கம்பியை ஓங்கி அடித்து வாசிக்கிற ஸ்லாப் வாசிப்பில்தான் ஒருவனுக்கு உயிர் என்றால், அவன் 34 அங்குலத்தையே பார்க்கட்டும். அவனை நான் தடுக்க மாட்டேன்.

வாங்குவதற்கு முன் ஒன்று. தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்டு பேஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தச் சின்னத் துளையால் 41 முறை அதிர்கிற சத்தத்தை வெளியே தள்ளவே முடியாது. மேலே உள்ள கிளைச் சத்தங்கள் மட்டும் வரும். மிச்சத்தை நம் காது இட்டுக்கட்டிக்கொள்ளும். பாட்டையே போனில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பேஸ் என்பதையே முழுசாகக் கேட்டதில்லை. காதில் நன்றாக மூடுகிற ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, 1987-ல் வந்த 'ரெட்டைவால் குருவி' படத்தில் யேசுதாஸ் பாடிய ராஜராஜ சோழன் பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள். குரலை விட்டுவிட்டுக் கீழே ஓடுவதை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரத்தைத் தாளில் எழுதிக் கொடுப்பவர்; பேஸுக்கும் அப்படித்தான். அவருடைய குழுவில் சசிதரன் நெடுங்காலம் பேஸ் வாசித்தார். பிறகு ரஹ்மான் பாட்டுகளில் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். இந்த இரண்டு பேர் வாசிப்பைக் காதில் ஏற்றிக்கொண்ட பிள்ளை கடையில் ஏமாறாது.

இனி காசு. கையில் இருப்பது முழுவதையும் கருவிக்கே கொட்டிவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குள் பேஸ் முடியட்டும். மிச்சத்தில் ஆம்ப்ளிஃபயர், வயர், ட்யூனர், தோளில் மாட்டும் அகலமான பட்டை, கம்பி, கம்பி உயரத்தையும் கழுத்து வளைவையும் சரிசெய்கிற செட்டப் ஒரு நல்ல கையால். பேஸை வாங்கிவிட்டு ஆம்ப் வாங்கக் காசில்லாமல் வீட்டு டேப் ரெக்கார்டர் பெட்டியிலோ சாதாரண கிட்டார் ஆம்பிலோ செருகுகிறார்கள். சத்தம் ஏற்றினால் அந்த ஸ்பீக்கர் கிழிந்துபோகும்; அது இந்த அடிச்சத்தத்துக்குச் செய்ததில்லை. காசு ரொம்ப இறுக்கம் என்றால் ஹெட்போன் மாட்டிப் பழகுகிற சின்ன ஆம்ப் போதும். சர்ச்சிலோ மேடையிலோ மிக்ஸருக்குப் போவதற்கு டிஐ பாக்ஸ் அங்கேயே வைத்திருப்பார்கள். தவணையில் எடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். மாதாமாதம் கட்ட வேண்டிய கருவியைப் பிள்ளை தொடும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் அந்தக் காசைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைக்கு அது கேட்கும். ஒரு அறுவடை பொறுத்து ரொக்கமாக வாங்கினால் ஒன்றும் குடி முழுகாது.

கடையில் எப்படிப் பார்ப்பது? எங்கள் ஊர்ச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், கொம்பின் சாயத்தைப் பார்த்து மயங்க மாட்டார். அந்த நிதானம் போதும். முதலில் கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் அப்போதே வைத்துவிடுங்கள். லேசான வளைவு குற்றமில்லை, உள்ளே இருக்கிற டிரஸ் ராடைத் திருகினால் சரியாகும். நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்திப் பாருங்கள். எங்காவது ஜிர்ரென்று இரைகிறதா, சுரம் செத்து விழுகிறதா? பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு சுரம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம்தான் வர வேண்டும். ட்யூனரில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பிரிட்ஜில் திருத்தச் சொல்லுங்கள். திருத்த முடியவில்லை என்றால் வேறு எடுங்கள்.

பிறகு எழுந்து நின்று தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டுவிடுங்கள். சில பேஸ்களில் தலை கனத்துக் கழுத்து தரையைப் பார்க்கச் சாயும். உடம்பு சின்னதாக இருக்கிற ஷார்ட் ஸ்கேலில் இந்தக் குறை அடிக்கடி உண்டு. உட்கார்ந்து பார்க்கும்போது தெரியாது. கச்சேரி முழுக்க இடதுகை கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருந்தால், குட்டையாக வாங்கியதன் பயனே போய்விடும். வழுக்காத அகலமான பட்டை கொஞ்சம் தடுக்கும்; ரொம்பச் சாய்ந்தால் அந்த மாடலையே விடுங்கள்.

எதை வாங்குவது என்றும் கேட்பார்கள். ஸ்குவையர் ப்ராங்கோ 30 அங்குலம், எளிமையான கட்டு, பழக ஏற்றது. கொஞ்சம் கூட முடிந்தால் அதே கம்பெனியின் மஸ்டாங். ஐபனெஸ் மைக்ரோ இன்னும் குட்டை, 28.6 அங்குலம். பத்து, பதினொரு வயசுப் பிள்ளைக்கு அது சரி. வளர்ந்த கைக்கு ஈ கம்பி ரொம்பத் தளர்ந்துவிடும். க்ரெட்ச் ஜூனியர் ஜெட் 30 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியது. வயலின் உருவத்தில் ஆசை இருந்தால் ஹோஃப்னர் இக்னிஷன் வரிசை உண்டு. ஆனால் உள்கூடு உள்ள உடம்பு என்பதால் நம் திருவிழா மேடைகளின் பெட்டி பெட்டியான ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்றால் ஊளையிடும். பெயர் பார்த்து வாங்குவதைவிட, அந்த ஒரு கருவியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது மேல். புதுச்சேரியில் இல்லையென்றால் சென்னைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். அண்ணா சாலையில் இருக்கிற, 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிகல் மாதிரியான கடைகளில் நாலைந்தை மடியில் வைத்துப் பார்க்கலாம். பிள்ளையைக் கூட்டிப் போகாமல் அப்பா மட்டும் போய் வாங்கி வருவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அளவெடுக்க வேண்டிய கை அதுதானே.

பழையது வாங்குவதில் தப்பில்லை. டிரஸ் ராட் திருகு சும்மா சுற்றுகிறதா, சத்தத் திருகுகளைத் திருப்பும்போது கரகரவென்கிறதா, முதல் ஃப்ரெட்டுகள் பள்ளம் விழுந்து தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கரகரப்பை ரேடியோ மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். தேய்ந்த ஃப்ரெட்டுக்குச் செலவு அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு எச்சரிக்கை. செஞ்சிப் பாறைக்குன்றுகள் சூடேறி நிற்கிற சித்திரை, வைகாசியில் ஓட்டுக்கூரைக்கும் தகரத்துக்கும் கீழே பேஸைத் தொங்கவிடாதீர்கள். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடிக்கும், கோடையில் உலரும். வருஷத்துக்கு இரண்டு தரம் கழுத்து இடம் மாறும். அப்போது கம்பி உயர்ந்துவிட்டால் பிள்ளை தன் விரலைக் குறை சொல்லிக்கொள்ளும். செட்டப் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பி விஷயம் கடைசியாக, ஆனால் மறந்துவிடக்கூடாது. ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு ஷார்ட் ஸ்கேல் என்று அட்டையில் எழுதியிருக்கிற கம்பியே வேண்டும். நீளமான பேஸின் கம்பியை வாங்கி வெட்டிப் போட்டால், நுனியில் மெலிந்திருக்க வேண்டிய பகுதி போய், தடித்த பகுதியே முறுக்காணியில் சுற்ற வேண்டிவரும். சரியாகச் சுற்றாது, சுருதி நிற்காது, அறுந்தாலும் அறும். இந்தக் கம்பி செஞ்சியிலும் கிடைக்காது, திருவண்ணாமலையிலும் எல்லாக் கடையிலும் இருக்காது. பேஸ் வாங்குகிற அன்றைக்கே ஒரு செட் கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். மாசியில் மயானக்கொள்ளைக்குக் கச்சேரி ஒத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அறுந்தால், தபாலில் வருவதற்குள் திருவிழா முடிந்துவிடும்.